ஐந்து விரல் முத்திரை

12 மே 1943

மருந்து இருப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஜப்பான்காரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்றாலும் நுணுக்கி எழுதுவது நல்லது.

இன்று மதியம் சயாம் காட்டில் ரயில் பாதை போடும் முகாமுக்கு, காம்பு என்கிறார்கள், வந்து சேர்ந்தோம். ரயில் எங்களை இறக்கிவிட்ட பிறகு பதினொரு நாள் காட்டு நடை. எங்கள் ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஏற்றியவர்கள் நூற்று எண்பது. இங்கே பெயர் கூப்பிட்டபோது குரல் கொடுத்தவர்கள் நூற்று அறுபத்தொன்று. மற்றவர்கள் வழியில் தங்கிவிட்டார்கள் என்று எழுதிக்கொள்கிறேன்.

டாக்டர் இல்லை. டாக்டர் இல்லாத இடத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசர், அதாவது நான்தான், டாக்டர். கையிருப்பு: குயினைன் அரை டின், லைசால் இரண்டு புட்டி, அயோடின் ஒன்று, நரம்பில் ஏற்றும் உப்புத் தண்ணீர் சில புட்டி, அதற்கு ரப்பர்க் குழாய், மார்பியா இரண்டு குப்பி, அறுவைப் பெட்டி.

எங்களைப் பொறுப்பேற்றவன் மியோஷி என்ற கார்ப்பரல். முப்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருக்கிறான். நாங்கள் தாமதமாக வந்ததற்காக லெப்டினன்ட் எங்கள் எல்லார் முன்னாலும் அவனை மூன்று அறை அறைந்தான். மியோஷி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாங்கினான். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, முன்வரிசையில் நின்ற நால்வரை மூங்கிலால் அடித்தான். ஒருவனுக்குக் காதிலிருந்து ரத்தம். பஞ்சு வைத்தேன்.

14 மே

ஆஸ்பத்திரி என்பது அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. தண்ணீர் கொதிக்க வைக்க ஓர் ஆள் கேட்டேன். அங்காயி என்ற பெண்ணைக் கொடுத்தார்கள். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டியவள். அவள் புருஷன் சடையன் பாலத்து வேலையில் இருக்கிறான். பிடித்துக்கொண்டு வந்தபோது இவளும் கூடவே லாரியில் ஏறிவிட்டாள். பெண்களை ஜப்பான்காரர்கள் பட்டியலில் எழுதுவதில்லை.

கால் புண்கள் முப்பத்திரண்டு. சீழைச் சிரட்டைச் சில்லால் சுரண்டி எடுத்தேன். அங்காயி ஒவ்வொருவன் தோளையும் பிடித்துக்கொண்டாள். பிடித்தால் எவனாலும் அசைய முடியாது.

17 மே

காலையில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் மியோஷி என்னிடம் வந்து, "நோயாளிகள் எல்லாரையும் எண்ணிவிட்டாயா?" என்று கேட்டான். கோலாலம்பூரில் நிப்பொங்கோ என்கிற ஜப்பான் மொழிப் பள்ளியில் ஆறு மாதம் படித்தவன் நான். ஆமாம் என்பதற்கு 'ஹாய்' என்று சொல்லத் தெரியும். ஆனால் இரவு முழுவதும் நின்ற அலுப்பில் எங்கள் ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிட்டது.

"ஓம்" என்றேன்.

அவன் கை அறைவதற்குத் தூக்கியபடி நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழவில்லை.

"என்ன சொன்னாய்?"

"எங்கடை பாஷையில் அப்படித்தான் சொல்லுறது. சரி எண்டு அர்த்தம்."

கையை இறக்கிக்கொண்டு போய்விட்டான்.

19 மே

இன்று மாலை மியோஷி கொட்டகைக்கு வந்தான். சிக்கோகு தீவில் ஒரு கோயில் பூசகரின் மகனாம். அவனும் தீட்சை வாங்கியவன்தான். ஷிங்கோன் என்பது அவர்கள் சமயத்தின் பெயர். மந்திரம் என்று பொருளாம். அவர்கள் மந்திரங்களும் ஓன் என்றுதான் தொடங்குமாம். எல்லாம் இந்தியாவிலிருந்து சீனா போய், சீனாவிலிருந்து ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் வந்தவையாம்.

"அதை நீங்கள் 'சரி' என்பதற்கா சொல்கிறீர்கள்? எல்லாவற்றுக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். சாப்பிட்டியா எண்டு கேட்டாலும்."

முதல் தடவையாக அவன் சிரித்ததைப் பார்த்தேன். மூங்கில் குச்சியால் சேற்றில் ஓர் எழுத்து எழுதிக் காட்டினான். கிரந்தத்துக்கும் நாகரிக்கும் தூரத்து உறவு மாதிரி இருந்தது. 'அ'வாம். எல்லா ஒலிக்கும் முதல், பிறப்பில்லாதது என்றான். பிறகு மந்திரத்தைச் சொன்னான். "ஓன் அபோக்யா பெய்ரோஷனோ மகாபோதரா மணி ஹண்டொமா..." மணி எனக்குப் புரிந்தது. ஹண்டொமா பத்மமாம். மகாபோதரா மகாமுத்திரையாம். கந்தல் உடுத்தி வந்த சொந்தக்காரனை முகச்சாயலில் கண்டுபிடிப்பது போல ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன்.

மந்திரம் வாயால் மட்டும் போதாதாம். கையால் முத்திரை வேண்டும், மனத்தில் எழுத்து வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பலிக்குமாம். முத்திரையை யாரும் பார்க்கக் கூடாதாம். அங்கியின் கைக்குள்ளே மறைத்துத்தான் பிடிப்பார்களாம். எனக்கு மட்டும் காட்டினான். இடது கை முட்டி, இடுப்பில். வலது கை ஐந்து விரலும் விரித்து முன்னால். ஒவ்வொரு விரல் நுனியிலிருந்தும் ஒவ்வொரு நிறத்தில் ஒளி புறப்பட்டு, நரகத்தில் கிடப்பவர்கள் மேல் விழும்.

நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வலது கையை எனக்கு முன்பே தெரியும்.

20 மே

மழை. சாவு நான்கு.

23 மே

பாலத்து மரங்கள் ஆற்றோடு போய்விட்டன. இடுப்பளவு தண்ணீரில் நின்று மறுபடி நட வேண்டும். இருபது மணி நேர வேலை. ஒச்சு என்பவன் மரத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிவிட்டான். மரம் நழுவி ஒரு ஜப்பான் சிப்பாயின் காலில் விழுந்தது.

மியோஷி ஒச்சுவைக் கரைக்கு இழுத்து வந்தான். முதலில் கையால். பிறகு மூங்கிலால். மூங்கில் பிளந்ததும் வேறொன்று கொண்டுவரச் சொன்னான். லெப்டினன்ட் மேட்டில் நின்று சிகரெட் குடித்துக்கொண்டு பார்த்தான். அவன் போகும்வரை அடி நிற்கவில்லை. அவன் போன பிறகும் சற்று நேரம் நிற்கவில்லை.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒச்சுவின் மண்டை ஓரிடத்தில் மெத்தென்று இருந்தது. கட்டுப் போட்டேன். அரை மணி நேரம் மூச்சு இருந்தது.

குழியில் இறக்கிய பிறகு மியோஷி வந்தான். மேலே மழைக்கோட்டு. உள்ளே கைகள் அசைவது தெரிந்தது. ரத்தத்தைத் துடைக்கிறான் என்று நினைத்தேன். பிறகு வெளியே எடுத்த கையில் ஒரு பால் டின். அதிலிருந்து மணல் எடுத்து ஒச்சுவின் மார்பில் தூவினான். ஆற்று மணலாம். அந்த மந்திரத்தை நாள்தோறும் ஆயிரத்தெட்டு தடவை சொல்லி ஏற்றிய மணலாம். யார் உடம்பில் படுகிறதோ அவர்களுடைய பாவம் எரிந்துபோய், சுத்த பூமி என்கிற புத்தரின் உலகத்தில் பிறப்பார்களாம்.

"யாரின்ரை பாவம்?" என்று கேட்டுவிட்டேன்.

"இவனுடையது."

"இவன் என்ன பாவம் செய்தவன்?"

ஐந்து விரலும் என் கன்னத்தில் பதிந்தன. கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன்.

28 மே

மியோஷி இப்போது செத்தவர்கள் மேல் மட்டும் தூவுவதில்லை. கொட்டகைக்குள் வந்து, எவன் பிழைக்க மாட்டான் என்று தோன்றுகிறதோ அவன் மேலும் தூவுகிறான். முன்கூட்டியே செய்தால் நல்லதாம். அவன் கணிப்பு பெரும்பாலும் தப்புவதில்லை. அவனுக்கு யோசனை சொல்பவன் நான்தான் என்று ஆட்கள் பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். அவன் கேட்டால் நாடித்துடிப்பைச் சொல்வேன், அவ்வளவுதான்.

அங்காயி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "அய்யா, அது சாமி மண்ணு இல்லீங்க. செய்வினை. அந்த மண்ணு விழுந்தவன் ஒருத்தனாச்சும் எந்திரிச்சு நடந்தானா, சொல்லுங்க?"

"நடக்கமாட்டாதவன் மேலைதான் அவன் போடுறான்."

"போட்டதுனாலதான நடக்கல?"

அவளோடு வாதாட எனக்கு நேரமில்லை. புண்கள் நாற்பத்தொன்பது.

30 மே

இன்று பாறை உடைத்துக் கொண்டிருந்தவர்களில் ஒருவன் காய்ச்சலில் விழுந்தான். மியோஷி டின்னைத் திறந்து மணலைத் தூவினான். பக்கத்தில் நின்ற சடையன் குனிந்து, அந்த மணலைக் கூட்டியள்ளி, மியோஷியின் முகத்தில் வீசினான்.

"ஒம்மேல போட்டுக்கடா. நீ சாவு மொதல்ல."

 மியோஷி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சட்டையில் ஒட்டியிருந்த மணலை ஒரு பருக்கை விடாமல் டின்னுக்குள் தட்டினான். அதற்குப் பிறகுதான் தொடங்கினான். சடையன் விழாமல் நின்றதுதான் தப்பு. விழுந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். தலையைக் காக்க இடது கையைத் தூக்கினான். இரும்புக் கம்பி முழங்கைக்குக் கீழே விழுந்த சத்தம் கொட்டகை வாசலில் நின்று பார்த்த எனக்கே கேட்டது.

எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. உள்ளே தள்ளி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினேன். சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். அங்காயி அழவில்லை. கட்டு முடிகிறவரை அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

3 ஜூன்

பர்மாப் பக்கத்திலிருந்து வந்த ஆட்களில் ஒருவன் காலையில் கஞ்சித்தண்ணீர் போலப் போனான். மதியம் குரல் போயிற்று. மாலையில் கண் குழிவிழுந்து செத்தான். எனக்குத் தெரியும் இது என்னவென்று. லெப்டினன்டிடம் சொன்னேன். ஓடைக்கு அந்தப் பக்கம் தனிக் குடிசை போட உத்தரவு.

5 ஜூன்

பதினொரு பேருக்கு வந்துவிட்டது. கொதிக்காத தண்ணீரைத் தொட்டவனை நானே அடித்தேன். ஒரு தடவைதான்.

8 ஜூன்

சடையனுக்கும் வந்துவிட்டது. ஓடைக்கு அப்பால் கொண்டுபோனார்கள். கட்டுப்போட்ட கையும் வீங்கிக் கறுத்திருக்கிறது.

அங்காயி என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யா, அவருக்கு அந்த உப்புத் தண்ணி ஏத்துங்க. ஒரே ஒரு புட்டி. கும்புடுறேன்."

"முடிஞ்சுபோச்சு, அங்காயி."

"பெட்டிக்குள்ள ஒண்ணு இருக்குங்களே. நேத்து நாந்தான கழுவி அடுக்குனேன்?"

அது வேறு தேவைக்கு என்றேன். டிரசர் விழுந்தால் நூறு பேருக்கும் ஆள் இல்லை. உத்தியோகத்தில் இருப்பவன் இப்படி யோசித்தாக வேண்டும். இதில் பயம் ஒன்றுமில்லை.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொதிக்க வைத்து, அதில் உப்பைப் போட்டு, பானையோடு ஓடையைத் தாண்டினாள். தாண்டக் கூடாது என்பது உத்தரவு. நான் பார்க்காதது போல இருந்தேன்.

11 ஜூன்

மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்களாம். அதற்குள் காலரா இந்தக் காம்பில் இல்லாமல் போக வேண்டுமாம்.

காலையில் லெப்டினன்ட் என்னைக் கூப்பிட்டு, குடிசையில் எத்தனை பேர் என்று கேட்டான். இருபத்துமூன்று. எத்தனை பேர் உயிரோடு என்று கேட்டான். பார்த்து வந்து எழுதிக் கொடு என்றான். போய் வந்தேன். கால்களை லைசால் விட்டுக் கழுவினேன். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

மதியம் தூறலில் மண்ணெண்ணெய் டின்களைக் கொண்டு போனார்கள். பற்ற வைக்கும் பொறுப்பு மியோஷிக்கு. நெருப்பு வைப்பதற்கு முன் அவன் மட்டும் உள்ளே போனான். மணல் தூவப் போயிருப்பான். வெகுநேரம் ஆகியது. வெளியே வந்தபோது கண்ணாடி இல்லை. துப்பாக்கி முனைக் கத்தியைப் புல்லில் இரண்டு பக்கமும் துடைத்தான். பிறகு தீக்குச்சி கிழித்தான். நனைந்த அத்தாப்பு பிடிக்க நேரமாயிற்று. பச்சை மூங்கில் எரியும்போது கணுக்கள் வெடிக்கும். சில நேரம் அது மனிதர் கத்துவது போல இருக்கும். இதைப் பலரும் கவனித்திருப்பார்கள்.

 

12 ஜூன்

அங்காயி கொட்டகைக்கு வந்தாள். அடுப்பு மூட்டினாள். யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு என் பக்கத்தில் குனிந்தாள்.

"அய்யா, நான் அவரத் தூக்கிட்டு வந்துட்டேன். முந்தாநாளு விடியுறப்பவே. ஓட மேல பாறையிடுக்குல படுக்க வச்சிருக்கேன். பேதி நின்னுருச்சு. கைதான் நாறுது. வந்து பாக்குறீங்களா?"

"எனக்குச் சொல்லாதை" என்றேன். "நீ ஒண்டும் சொல்லேல்லை. நான் ஒண்டும் கேக்கேல்லை."

அவள் எழுந்தாள். பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை. தண்ணீர் நானே கொதிக்க வைத்தேன்.

13 ஜூன்

லெப்டினன்ட் சாம்பலைக் கிளறி மண்டை ஓடுகளை எண்ணச் சொன்னான். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார்கள். இருபத்திரண்டு.

என் கையெழுத்துள்ள காகிதத்தை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு என்னை அறைந்தான். மியோஷியைத் துப்பாக்கிக் கட்டையால் வாயில் குத்தினான். விசாரித்ததில், அங்காயியையும் காணவில்லை, அதனால் குறைவது சடையனின் பிணம்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். காலராவோடு ஒருவன் ஓடியிருக்கிறான், ரயில் பாதை முழுவதும் பரப்புவான் என்று லெப்டினன்ட் கத்தினான். நாளை மாலைக்குள் அவன் இடது கை வேண்டும். தோட்டத்துப் பதிவில் இடது கைப் பெருவிரல் ரேகை இருக்கிறது, ஒத்துப் பார்த்துக்கொள்வேன். இல்லாவிட்டால் உங்கள் இரண்டு பேரின் தலை என்றான்.

மியோஷி வாயில் ரத்தத்தோடு என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"உனக்குத் தெரியும்."

தெரியாது என்றேன். ஆறாவது அறையில் சொன்னேன். இல்லை. மூன்றாவதில்.

14 ஜூன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிந்ததும் நானும் மியோஷியும் ஓடையோரமாக ஏறினோம். அறுவைப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். மார்பியா இரண்டு குப்பியையும் எடுத்துக்கொண்டேன், வலிக்கு.

பாறையிடுக்கில் சடையன் கிடந்தான். கண்கள் குழிக்குள் இருந்தாலும் உயிர் இருந்தது. நாக்கு ஈரமாக இருந்தது. அது நல்ல குறி. இடது கை முழங்கை வரை கறுப்பு. நாற்றம் பத்தடிக்கு முன்பே வந்தது. அங்காயி பாராங்கத்தியோடு அவன் முன்னால் நின்றாள். மியோஷி துப்பாக்கியில் கத்தியை மாட்டினான்.

"பொறு" என்றேன். "முதல்லை ஊசி போடுறன். அவன் துன்பப்படத் தேவையில்லை."

குப்பிகளை உடைத்து ஊசியில் ஏற்றினேன். கை நடுங்கியதால் இரண்டும் ஏறிவிட்டது.

அங்காயி ஊசியைப் பார்த்தாள். ஒரு மாதம் என்னோடு கொட்டகையில் நின்றவள் அவள்.

"ரெண்டையுமாங்க?"

ஊசியிலிருந்த காற்றை வெளியேற்றினேன்.

"ஒருத்தருக்கு ஒண்ணுதான்னு நீங்கதான் சொன்னீங்க. ரெண்டு போட்டா எந்திரிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க." கத்தி என் கழுத்தை நோக்கித் திரும்பியது. "யாரு தேவைக்குய்யா ரெண்டு?"

மியோஷிக்குப் பாஷை புரியாது. ஆனால் ஊசியும் தெரிந்தது, என் முகமும் தெரிந்தது. அவன் ஊசியை வாங்கி, பாதி மருந்தைப் பாறையில் பீய்ச்சிவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

எதற்காக வந்தோம் என்று அங்காயி கேட்டாள். சொன்னேன். கை வேண்டும். ரேகை பார்ப்பார்கள்.

அவள் சடையனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்தாள்.

"கைதான வேணும்? எடுத்துக்குங்க. அழுகுன கைதான் அது. ஆளு வேணாம்ல?"

மியோஷிக்கு மொழிபெயர்த்தேன். அவன் துப்பாக்கியைப் பாறையில் சாத்தினான்.

ரப்பர்க் குழாயைத் தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். முழங்கைக்கு மேலே நான்கு விரல் விட்டு அறுக்க வேண்டும். மிச்சமிருந்த பாதி ஊசியைப் போட்டேன், எதற்கும் காணாது. அங்காயி தோளிலும் தலையிலும் சாய்ந்துகொண்டாள். மியோஷி கால்கள் மேல் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்தான். தசையை வெட்டும்போது சடையன் சத்தம் போடவில்லை. எலும்பறுக்கும் வாள் எலும்பில் பட்டதும் போட்ட சத்தத்தை எழுத எழுத்து இல்லை. வாள் துருப்பிடித்தது. இரண்டு தடவை சிக்கியது. அப்போது மியோஷி மந்திரம் சொல்லத் தொடங்கினான். ஓன் அபோக்யா பெய்ரோஷனோ. மெதுவாக, ஒரே சீராக, மழை பெய்கிற மாதிரி.

அங்காயி தலையைத் தூக்காமல் சொன்னாள். "அந்தாள வாய மூடச் சொல்லுங்க."

நான் அறுத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கைய ஒடச்ச வாயி அது. மூடச் சொல்லுங்க."

கையை உடைத்தது வாய் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். மியோஷி நடுவில் நிறுத்தினான். அதற்குப் பிறகு வாளின் சத்தமும் ஓடையின் சத்தமும்தான்.

ரத்தக்குழாய்களைக் கட்டினேன். தோலை இழுத்துத் தைத்தேன். மிச்சமிருந்த அயோடின் முழுவதும் ஊற்றினேன். கையை வாழையிலையில் சுற்றினேன். மியோஷி தன் சோற்றுப் பெட்டியையும் தீப்பெட்டியையும் பாறை மேல் வைத்து, ஓடைக்கு எதிர்த்திசையைக் கையால் காட்டினான். மூன்று நாள் நடந்தால் சயாம்காரர் ஊர் ஒன்று இருக்கிறது. அங்காயி பெட்டியைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மியோஷி பேசினான்.

"உள்ளே ஒன்பது பேர் உயிரோடு இருந்தார்கள். நீ இருபத்துமூன்று பேர் செத்ததாக எழுதியிருந்தாய்."

நான் காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"உயிரோடு எரியக் கூடாது என்று நினைத்தேன். ஒன்பது தடவை. முத்திரை பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்திருந்தேன்." சற்று தூரம் போய்ச் சொன்னான். "மந்திரம் மட்டும் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்."

வாழையிலைப் பொட்டலம் அவனுடைய தோள்பையில் இருந்தது. ஈக்கள் கூடவே வந்தன.

15 ஜூன்

நேற்று மாலையே லெப்டினன்ட் பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் உருட்டினான். பதிவோடு வைத்துப் பார்த்தான். தலையாட்டினான். பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் வேலை. மூங்கில் கட்டை கீழே போட்ட ஒருவனை மியோஷி வழக்கம்போல் அடித்தான். மாலையில் நான்கு பேரைப் புதைத்தோம். மியோஷி டின் கொண்டுவரவில்லை. மழைக்கோட்டுக்கு வெளியே கைகள் சும்மா தொங்கின.

2 ஆகஸ்ட்

ஆய்வு நல்லபடி முடிந்தது. காலரா இல்லாத காம்பு என்று எங்களுக்குப் பாராட்டு. மியோஷியை வேறு காம்புக்கு மாற்றிவிட்டார்கள்.   நூற்று அறுபத்தொன்றில் இன்று ஐம்பத்தெட்டு.

21 நவம்பர் 1945

இரண்டு வருஷத்துக்கு மேல் இந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை. இன்று எழுத வேண்டியிருக்கிறது.

சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் விசாரணைக் குழு போட்டார்கள். இங்கிலீஷ், தமிழ், நிப்பொங்கோ மூன்றும் தெரிந்தவன் என்று என்னை மொழிபெயர்ப்பாளனாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று வாரமாக வேலை. சாட்சிகள் சொல்வார்கள். நான் இங்கிலீஷில் சொல்வேன். ஒரு மேஜர் எழுதிக்கொள்வார். நல்ல சாப்பாடு. காலுக்குச் சப்பாத்து கொடுத்திருக்கிறார்கள்.

இன்று காலை மியோஷியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மெலிந்திருந்தான். புதுக் கண்ணாடி. என்னைப் பார்த்துத் தலை குனிந்தான். சாட்சி யார் என்று கேட்டேன். மேஜர் கதவைக் காட்டினார்.

சடையன் வந்தான். இடது சட்டைக் கை மடித்துக் குத்தியிருந்தது. பின்னால் அங்காயி. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவன் உயிரோடு இருப்பதில் சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

உன் கையை உடைத்தது யார் என்று மேஜர் கேட்டார். சடையன் மியோஷியைக் காட்டினான். குடிசைக்குத் தீ வைத்தது யார்? அங்காயி நேரில் பார்த்தாள் என்று சொல்லி மியோஷியைக் காட்டினான். மியோஷி, கேட்பதற்கு முன்பே, ஆமாம் என்று ஜப்பானிய மொழியில் சொன்னான். மொழிபெயர்த்தேன்.

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?"

சடையன் என்னைப் பார்த்தான்.

"இருக்குங்க. குடிசைக்குள்ள உசுரோட ஆளுங்க கெடந்தாங்க. நானும் அங்கதான் கெடந்தேன், எனக்குத் தெரியும். அத்தனை பேரும் செத்துட்டாங்கன்னு எழுதிக் கொடுத்தது இந்தா நிக்கிறாரே, இந்த டிரசரு. எங்கைய எடுத்து உசுரக் காப்பாத்துனவரும் இவருதான். எம்பொண்டாட்டி கத்திய நீட்டலேன்னா ஊசி போட்டுக் கொன்னுருப்பாரு. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க. எல்லாத்தையும் எழுதிக்கச் சொல்லுங்க."

மேஜர் பேனாவோடு காத்திருந்தார். அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன். ஒரு டிரசர் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பெயர் நினைவில்லையாம் என்று சொல்லியிருக்கலாம். கையை எடுத்துக் காப்பாற்றினார் என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.  ஜன்னலுக்கு வெளியே யாரோ லாரியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள்.

அங்காயி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழுவதையும் சொன்னேன். ஊசியையும் சொன்னேன்.

"எந்த டிரசர்?" என்றார் மேஜர்.

நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். உயிரோடு இருந்தவர்கள் யார் யார் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். சடையன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு சொன்னான். கருத்தமுத்து. பெரியாம்பிள. வெள்ளையன். நொண்டி ராக்கன். அப்பாவு. ஐந்தாவது விரலும் மடங்கியதும் மறுபடி விரித்து எண்ணினான். தொட்டியான். காளிமுத்து. சன்னாசி. பெயர்களை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அப்படியே சொன்னேன்.

"இன்னொரு ஆளு இருந்தாருங்க" என்றான். "வாசல ஒட்டிக் கெடந்தாரு. தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. பேரு வரமாட்டேங்குது." அங்காயியைப் பார்த்தான். அவளுக்கும் தெரியவில்லை.

மேஜர் அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"எல்லப்பன்" என்றேன். "தோட்டத்தில் ஆறாம் நம்பர் லயத்து வீடு."

மேஜர் நிமிர்ந்து பார்த்தார். சாட்சிக்கே தெரியாத பெயர் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

எழுதிக் கொடுப்பதற்காக அன்று காலை நான் குடிசை வாசல் வரை போனேன் என்றேன். உள்ளே போகவில்லை என்றேன். அவன் என் காலைப் பிடித்துக்கொண்டான் என்றேன்.